பணிவிடை செய்வோரின் பாதுகாப்பு

1897-ஆம் ஆண்டு புனே நகரைப் பிளேக் சூறையாடிய காலத்தில், நோயுற்ற சிறுவன் ஒருவனைத் தம் புதல்வர் டாக்டர் யஷ்வந்தின் சிகிச்சை நிலையத்துக்குச் சுமந்து சென்ற சாவித்திரிபாய் பூலே, அந்நோய்க்கே இரையாகி மார்ச் 10-ந் தேதி உயிர் நீத்தார். எலித் தெள்ளே அதைப் பரப்புகிறது என்று பிரெஞ்சு வைத்தியர் சிமோன் கராச்சியில் கண்டறிந்தது மறு ஆண்டில்தான்; ஆகவே தெள்ளிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பது அம்மாதரசிக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இன்றோ, பொதுவாகத் தொற்றுகளைத் தடுக்க, நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் நகக்கண், விரலிடுக்கு உட்படச் சோப்பிட்டு 40 விநாடியேனும் கைகழுவுவதும், கழிவை அகற்றும்போது கையுறை அணிவதும், அணிந்ததைக் கழற்றியபின் மீண்டும் கழுவுவதும் சர்வ சாதாரணமான சாஸ்திர ஞானம். அவ்வாறிருக்க, முதியோரைப் பேணும் ஆயாமாருக்குப் பயிற்சியும் கையுறையும் தராமல் ஊதியத்தோடு கடமை முடிந்ததெனக் கருதுவது அநீதி. வார்டுதோறும் இலவசப் பயிற்சியை மாநகராட்சி தாமதமின்றி ஆரம்பிக்க வேண்டும்.