மன்னிப்பும் மாலையும்

வேலூருக்குத் தெற்கே, கமண்டல நாகநதியின் கரையில் அமைந்துள்ள ஊர் ஆரணி. நெல்லும் பட்டும் அவ்வூருக்கு இரு கண்கள் எனலாம். வைகறைப் பொழுதில் அதன் தெருக்களில் நடந்து செல்வோர், வீதியில் நெடுகப் பாவு நீட்டி, அறுந்த இழைகளை முடிந்து சீர்செய்யும் நெசவாளர் குடும்பங்களைக் காண்பர். பகலெல்லாம் தறியின் ஓசை வீடுகளிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். கணவர் குழித்தறியில் அமர்ந்து நெய்ய, மனைவி அருகே இருந்து தார் சுற்றுவார். இவ்வாறு பல நாள் உழைத்தால்தான் ஒரு பட்டுப் புடைவை உருப்பெறும். ஆரணிப் பட்டு இன்று புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

பட்டு தூயதா, கலப்புடையதா என்று அறிய எளிய முறை ஒன்று உண்டு. புடைவையின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவித் தீயில் காட்டுவர். தூய பட்டானால் மயிர் கருகும் நாற்றம் எழும். எஞ்சிய கரியை விரலால் நசுக்கினால் பொடியாகிவிடும். நைலான் போன்ற செயற்கை இழையானால் உருகி, கெட்டியான சிறு உருண்டையாகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் மின்னலாம். தீயோ உண்மையைச் சொல்லிவிடும்.

ஒரு நெசவாளர் மிகுந்த கைத்திறம் உடையவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் பட்டோடு செயற்கை இழையைக் கலந்து அழகிய புடைவை ஒன்றை நெய்து, தூய பட்டென்று கூறிப் போட்டிக்கு அனுப்புகிறார். சிறந்த நெசவாளர் என்னும் பரிசும் அவருக்குக் கிடைத்துவிடுகிறது. பின்னர் உண்மை வெளியாகிறது. அப்பொழுது அப்பரிசு அவரிடமே இருக்கலாமா? கைத்திறம் உண்மைதானே, உழைப்பும் உண்மைதானே என்று சிலர் அவருக்காக வாதாடலாம். ஆயினும், அவருக்கு அடுத்த நிலையில், தூய பட்டினால் நெய்து தோற்றுப்போன மற்றொரு நெசவாளர் இருக்கிறார் அல்லவா? அவருக்கு நாம் என்ன விடை கூறுவது?

இதே வினாதான் இன்று விளையாட்டு உலகில் பெரிதாக எழுந்துள்ளது. தடை செய்யப்பட்ட ஊக்கமருந்தை உட்கொண்டு வெற்றி பெற்றவர்களுக்கு நாட்டின் உயர்ந்த விருதுகளும் பட்டங்களும் தகுமா, தகாவா என்பதே அவ்வினா.

ஊக்கமருந்துகள் பலவகைப்படும். சில, தசையை இயல்புக்கு மீறிப் பெருக்குவன. சில, குருதியில் சிவப்பணுக்களை மிகுத்து, களைப்புத் தோன்றாமல் நெடுநேரம் ஓடச் செய்வன. சில, நரம்புகளைத் தூண்டுவன. இவற்றுள் பல, இதயத்துக்கும் கல்லீரலுக்கும் கேடு விளைப்பவை. இவற்றைத் தடுக்கவே உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 1999 ஆம் ஆண்டில் தோன்றியது. நம் நாட்டிலும் தேசிய முகமை ஒன்று 2005 ஆம் ஆண்டில் அமைந்தது. 2022 ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது.

உலக வரலாற்றில் இதற்குச் சான்றுகள் பல. 1988 ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக் போட்டியில், கனடா நாட்டு வீரர் பென் ஜான்சன் 100 மீட்டர் தொலைவை 9.79 வினாடியில் ஓடி உலகை வியப்பில் ஆழ்த்தினார். மூன்றே நாளில் சோதனை முடிவு வந்தது, பதக்கம் பறிபோயிற்று. பிரான்சு நாட்டை வலம்வரும் மிதிவண்டிப் பந்தயத்தில் 1999 முதல் 2005 வரை ஏழு முறை முதலிடம் பெற்றவர் அமெரிக்கரான லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங். அவருடைய ஏழு பட்டங்களும் 2012 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டன. மறு ஆண்டில் அவரே தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அமெரிக்க மக்கள் பெரிதும் விரும்பும் பேஸ்பால் ஆட்டத்திலும் இவ்வழக்கு நெடுநாள் நடந்தது. பாரி பாண்ட்ஸ் என்பவர் அவ்வாட்டத்தில் 762 முறை பந்தை எல்லைக்கு அப்பால் அடித்து, எவரும் எட்டாத உயரத்தை எட்டியவர். எனினும், அவர் ஊக்கமருந்தைப் பயன்படுத்தினார் என்னும் குற்றச்சாட்டு அவரை விடாமல் தொடர்ந்தது. அவ்வாட்டத்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற, விளையாட்டு எழுத்தாளர்களின் வாக்குகளில் நூற்றுக்கு 75 விழுக்காடு வேண்டும். 2013 முதல் 2022 வரை பத்து ஆண்டுகள் அவர் பெயர் வாக்கெடுப்பில் இருந்தது. ஒரு முறையும் அவ்வெண்ணிக்கை கிட்டவில்லை. ஆட்டத்தின் கணக்கேட்டில் அவருடைய 762 இன்றும் உள்ளது. புகழ் மண்டபத்தின் கதவுதான் அவருக்குத் திறக்கவில்லை. கணக்கேடு நடந்ததைப் பதிவு செய்கிறது. புகழ் மண்டபமோ, இவரைப்போல் ஆகுங்கள் என்று இளைஞர்க்குச் சுட்டிக் காட்டுகிறது. அந்த வேறுபாடு நாம் கருதத் தக்கது.

இது மேலை நாட்டார் கதை என்று நாம் வாளா இருக்க இயலாது. 2024 ஆம் ஆண்டில் நம் நாட்டில் 7,113 மாதிரிகள் சோதிக்கப்பட்டன. அவற்றுள் 260 மாதிரிகளில் தடை செய்யப்பட்ட பொருள்கள் காணப்பட்டன. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்த நாடுகளுள் இவ்விகிதம் மிகுதியாக இருந்தது நம் நாட்டில்தான். இது நாம் நாணத்தக்க முதலிடம்.

தமிழ்நாட்டிலேயே நம் நெஞ்சைச் சுட்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள முடிகண்டம் என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர் கோமதி மாரிமுத்து. அவர் 2019 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், தோகா நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தார். தமிழகமே அவரைக் கொண்டாடியது, பரிசுகள் குவிந்தன. சில வாரங்களில் செய்தி மாறியது. அவருடைய மாதிரியில் நான்ட்ரோலோன் என்னும் மருந்தின் கூறு இருந்ததாகத் தெரிந்தது. தாம் அறிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்றார் அவர். விசாரணை அதனை ஏற்கவில்லை. நான்கு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது, பதக்கமும் நீங்கியது. வறுமையை வென்று வந்த ஒரு பெண்ணுக்கு நேர்ந்த இந்நிலையை எண்ணி வருந்தாத தமிழர் இரார். ஆனால், நம் வருத்தமே தீர்ப்பாகிவிட முடியுமா?

இவ்விடத்தில் மற்றொரு நிகழ்ச்சியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2018 ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், ஆடவரும் மகளிரும் கலந்து ஓடும் தொடரோட்டத்தில் பஹ்ரைன் நாடு தங்கமும் இந்தியா வெள்ளியும் பெற்றன. இந்திய அணியின் நால்வருள் ஒருவர், அதே திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்த ஆரோக்கிய ராஜீவ். பஹ்ரைன் வீராங்கனை ஒருவர் ஊக்கமருந்து உட்கொண்டவர் என்று பின்னர் உறுதியாயிற்று. 2020 ஆம் ஆண்டில் அந்தத் தங்கம் நம்மவர்க்கு உரியதாயிற்று. மகிழ்ச்சிதான். ஆயினும், வெற்றி மேடையில் நின்று, நம் நாட்டுப் பண் ஒலிக்கக் கேட்கும் அந்தப் பொழுது திரும்பி வந்ததா? வரவில்லை. பதக்கத்தை மாற்றிக் கொடுக்கலாம். கடந்த பொழுதை யாரும் மாற்றிக் கொடுக்க இயலாது.

நம் வீரர் இழந்தபோது நமக்கு நேர்ந்த அதே இழப்புத்தான், தோகா ஓட்டத்தில் இரண்டாவதாக வந்த சீன நாட்டுப் பெண்ணுக்கும் நேர்ந்தது. இழந்தவர் நம்மவராயின் ஒரு நீதி, பிறராயின் வேறொரு நீதி என்று இருத்தல் ஆகாது.

இனி, ஊக்கமருந்து உட்கொண்டவர்க்கும் விருது தகும் என்பார் கூறும் காரணங்களைப் பார்ப்போம். திறமை இல்லாதவன் மருந்துண்டால் மட்டும் வீரனாகிவிடுவானா என்று அவர்கள் வினவுவர். ஆகமாட்டான்; அது மெய்யே. ஆனால், திறமையும் பயிற்சியும் ஏறத்தாழ ஒத்த இருவர் ஓடும்போது, வெற்றியும் தோல்வியும் ஒரு நொடியின் சிறு கூற்றில் அமைகின்றன. அச்சிறு கூற்றைத்தான் மருந்து திருடித் தருகிறது. அக்காலத்தில் பலரும் அவ்வாறே செய்தனர் என்பது அவர்கள் கூறும் மற்றொரு காரணம். பலர் செய்தனர் என்பதனால் தவறு முறையாகிவிடாது. செய்யாமல் நின்று, தோற்று, பெயரும் தெரியாமல் ஒதுங்கியவர் சிலரேனும் இருந்திருப்பர். அவர்களுடைய நேர்மைக்கு நாம் தரும் மதிப்பு யாது?

மூன்றாவது காரணம் வலிமை உடையது. அறியாமல் உட்கொண்டவரையும் அறிந்தே உட்கொண்டவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கலாமா என்பர். முன்னாளில் கிழக்கு ஜெர்மனி நாட்டில், இளம் பெண்களுக்குச் சத்து மாத்திரை என்று சொல்லி ஊக்கமருந்தைக் கொடுத்தனர். அவர்களுள் பலர் பிற்காலத்தில் உடல்நலம் கெட்டுத் துன்புற்றனர். அந்நாட்டின் விளையாட்டுத் தலைவராக இருந்த மான்பிரெட் எவால்ட் 2000 ஆம் ஆண்டில் பெர்லின் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார். அப்பெண்கள் வஞ்சித்தவர் அல்லர், வஞ்சிக்கப்பட்டவர்.

நம் நாட்டுக் குத்துச்சண்டை வீரர் அமித் பங்கலின் வரலாறும் நோக்கத்தக்கது. அவர் இளைஞராக இருந்த 2012 ஆம் ஆண்டில் சோதனையில் தவறி, ஓராண்டுத் தடை பெற்றார். சின்னம்மைக்காக மருத்துவர் கொடுத்த மருந்தே காரணம் என்பது அவர் தரப்பு விளக்கம். தடை முடிந்து மீண்டும் உழைத்தார். 2018 ஆம் ஆண்டில் ஆசிய விளையாட்டில் தங்கமும், 2019 ஆம் ஆண்டில் உலகப் போட்டியில் வெள்ளியும் வென்றார். ஆயினும், பழைய கறையின் காரணமாக அர்ச்சுனா விருது அவருக்கு ஆண்டுதோறும் தள்ளிப் போயிற்று. முடிவில், 2022 ஆம் ஆண்டுக்குரிய விருது அவருக்கு வழங்கப்பட்டது. அஃது அறமே என்பது என் கருத்து. ஏனெனில், அவ்விருது கறைபட்ட ஆண்டுக்காகத் தரப்பட்டதன்று. தடைக்குப் பின்னர்ச் சோதனைகளுக்கு உட்பட்டு, உழைத்துப் பெற்ற வெற்றிகளுக்காகத் தரப்பட்டது.

ஆகவே, நாம் கொள்ளத்தக்க நெறி இதுவாகும். மருந்தின் துணையால் வந்த வெற்றிக்கு, அறிந்து உண்டாலும் அறியாது உண்டாலும், பதக்கம் நிலைத்தல் ஆகாது. அது அடுத்து வந்தவரின் உடைமை. அறியாமையால் தவறியவர், தண்டனையை ஏற்று, தூய வழியில் மீண்டும் வென்றால், உயர்ந்த விருதையும் பெறலாம். அறிந்தே வஞ்சித்து, அதனை மறைத்து, அவ்வஞ்சனையின் மேலேயே தம் புகழைக் கட்டியவர்க்கோ வாழ்நாள் சிறப்புப் பட்டங்கள் தகா. அவரைப் பகைக்க வேண்டுவதில்லை. அவர் பிழைக்கத் தொழில் வேண்டும். சமூகத்தில் இடம் வேண்டும். மன்னிப்பு எவர்க்கும் உரியது. மாலையோ தகுதி உடையவர்க்கே உரியது. மாலை சூட்டாமையை மன்னியாமை என்று கருதுதல் பிழை.

மாணவர்களே! இவ்வினா எங்கோ வாழும் வீரர்களைப் பற்றியது மட்டுமன்று. விளையாட்டில் வென்றால் கல்லூரியில் இடமும் அரசுப் பணியும் கிடைக்கும் என்று நம்பி ஓடும் பிள்ளைகள் ஆரணியிலும் உண்டு, அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் உண்டு. வீட்டின் வறுமை அவர்களை விரைவுபடுத்துகிறது. அவ்வேளையில் எவரேனும் ஒருவர், பெயர் தெரியாத பொடியையோ ஊசியையோ காட்டி, இதனால் வேகம் கூடும் என்று சொல்லக்கூடும். அதனை ஏற்காதீர்கள். நோய்க்கு மருந்து உண்ண நேர்ந்தாலும், நீங்கள் போட்டியாளர் என்பதை மருத்துவரிடம் முன்னரே கூறுங்கள். உடலில் என்ன இருக்கிறதோ, அதற்கு வீரரே பொறுப்பு என்பது விளையாட்டுச் சட்டம்.

தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளர் செயற்கை இழையைக் கலந்தால் அன்று எவர்க்கும் தெரியாது. கலவாமல் நெய்கிறார் என்பதும் எவர்க்கும் தெரியாது. என்றேனும் ஒருநாள், எங்கோ ஒரு வீட்டில், ஒருவர் ஓர் இழையை உருவித் தீயில் காட்டும்போது அவருடைய நேர்மை விளங்கும். அந்நாளில் அஞ்ச வேண்டாதவராய் நெய்பவரே நல்ல நெசவாளர். அவ்வாறு ஓடுங்கள், அவ்வாறு ஆடுங்கள். தோற்று வந்தாலும், உங்களை வரவேற்க ஊர் வெட்கப்பட வேண்டியதில்லை.