புதுசா வந்தவனை அடிக்கறது வீரமா?

டோட்டா 2 ஆடறவங்களுக்கு 'ஸ்மர்ஃப்' தெரியும். பல வருஷம் ஆடிப் பழம் தின்னு கொட்டை போட்ட ஆள், புதுக் கணக்கு திறந்து, நேத்து வந்த பசங்களோட மோதறது. ஜெயிச்சதும் "நூப், கேமை அழிச்சுட்டுப் போடா"ன்னு வசவு வேற. இதுக்குப் பேரு திறமையாம்! எட்டாங்கிளாஸ் பையன் ஒண்ணாங்கிளாஸ்ல உக்காந்து முதல் ரேங்க் வாங்கின கதை.

2023 செப்டம்பர்ல வால்வ் 90,000 ஸ்மர்ஃப் கணக்குகளைத் தடை பண்ணினதா அறிவிச்சாங்க. நல்ல காரியம். ஆனா அந்த வாய்க்கு யாரு பூட்டு போடறது? "விளையாட்டுன்னா அப்படித்தான்"னு சப்பைக்கட்டு கட்டாதீங்க சாமி. புதுசா வந்தவன்லாம் ஓடிட்டா, நாளைக்கு யாரோட ஆடுவீங்க?

தோத்தவன் 'ஜிஜி' போட்டா பதிலுக்கு ஒண்ணு போடுங்க. நம்ம டீம் புதுப் பையனுக்கு, வார்டை எங்கே வைக்கணும்னு ஒரு வரி சொல்லுங்க. உங்க ரேங்க் ஒண்ணும் குறைஞ்சிடாது.