எல்லாமே அர்ஜென்ட்!

தி.நகர் ரங்கநாதன் தெருவில் 'இன்றே கடைசி' என்று கூவுகிறவர் நாளைக்கும் கூவுவார். அவருக்கு அது வியாபாரம். ஆபீஸில் கூவினால்?

அடையாறில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. நண்பன் திரையில் வேலைப் பட்டியலைக் காட்டினான். நூற்று நாற்பது வேலை. அதில் நூற்றுப் பத்துக்கு 'அர்ஜென்ட்' என்று சிவப்பு லேபிள்.

"எதை முதல்ல செய்வீங்க?"

"எந்த கிளையன்ட் ஜாஸ்தி கத்தறானோ, அதை!"

அந்த நூற்றுப் பத்தில் ஒன்று, ஒரு மில்லின் சம்பளக் கணக்கில் பிழை. நாற்பது பேருக்கு ரெண்டு மாசமாக ஓவர்டைம் பணம் குறைச்சல். அவர்கள் கத்தவில்லை. கத்துவதற்கு கம்பெனி போன் நம்பரே அவர்களிடம் இல்லை. விஷயம் தெரிந்ததும் நண்பன் ரேஷன் கொண்டுவந்தான். ஒரே சமயத்தில் ஐந்து அர்ஜென்ட்தான். ஆறாவது வேண்டுமானால் ஒன்றைக் கழற்றணும். மில் பாக்கி அந்த வாரமே தீர்ந்தது.

இன்னொரு ரங்கநாதன் இதை எப்போதோ யோசித்துவிட்டார். சீர்காழிக்காரர், எஸ்.ஆர்.ரங்கநாதன். பிரசிடென்சி காலேஜில் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் மெட்ராஸ் யூனிவர்சிட்டி லைப்ரரியன் ஆனவர். லண்டனுக்குப் படிக்கப் போனபோது ஒரு கடையில் மெக்கானோ பொம்மை செட்டைப் பார்த்தார். அதே தகடு, அதே போல்ட். மாற்றிப் பூட்டினால் வேறு பொம்மை. புத்தகத்துக்கும் அப்படியே நம்பர் போட்டால் என்ன? 1933-ல் 'கோலன் கிளாசிஃபிகேஷன்' வெளிவந்தது. ஒரு புத்தகத்தை ஒரே தலைப்பில் அடைக்காமல் என்ன பொருள், என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என்று தனித்தனியாகக் கேட்கிற முறை.

நான் பி.காம். எங்கள் லெட்ஜரில் காபிச் செலவு ஒரே தலைப்பில்தான் ஏறும். லேபிளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. 'பில்லிங்', 'பிழை', 'அர்ஜென்ட்' மூன்றையும் ஒரே வேலையில் ஒட்டலாம். எந்தப் பகுதி, என்ன வகை, எவ்வளவு அவசரம்: கேள்விக்கு ஒரு லேபிள். பிறகு 'பில்லிங் பிழை மட்டும் காட்டு' என்றால் காட்டும். எல்லாக் கேள்விக்கும் 'அர்ஜென்ட்' என்றே பதில் எழுதினால் கம்ப்யூட்டர் என்ன செய்யும், பாவம்.

கிட்ஹப்பில் புது ப்ராஜெக்ட் தொடங்கினால் சில லேபிள்கள் கூடவே வரும். 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்று ஒன்று. நேற்று சேர்ந்த பையன் பயப்படாமல் எடுக்கலாம். என் ஓட்டு 'வோன்ட்ஃபிக்ஸ்' லேபிளுக்கு. செய்வதாக இல்லை, ஆளை விடு என்று அர்த்தம். நாம் அதை ஒட்டுவோமா? "பார்க்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவோம்.