வலி மாத்திரை போதை: பச்சிளங்குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களைத் தீர்மானிப்பது எது?

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் இருக்கிறது மண்டகப்பட்டு. மகேந்திரவர்மனின் குடைவரைக் கோயிலால் பேர் பெற்ற ஊர். இப்படி ஒரு ஊரிலிருந்து பிரசவத்துக்கு வரும் தாய், போதைக்காக வலி மாத்திரை எடுத்துப் பழகியவர் என்றால் குழந்தைக்கு என்ன ஆகும்?

"இதெல்லாம் வெளிநாட்டுப் பிரச்சினை" என்று ஒதுக்கிவிட முடியாது. டேபென்டடால் மாத்திரைகள் பிடிபட்ட செய்தி தமிழ்நாட்டில் அடிக்கடி வருகிறது. 2019-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஓபியாய்டு வகைப் போதைப்பொருள் பயன்படுத்துவோர் சுமார் 2.26 கோடி பேர்.

குழந்தைக்கு என்ன நடக்கிறது?

கர்ப்பத்தில் தாயின் ரத்தம் வழியாக வந்துகொண்டிருந்த மருந்து, பிறந்ததும் சட்டென நின்றுபோகிறது. கை கால் நடுக்கம், ஓயாத அழுகை, தூக்கமின்மை, பால் குடிக்கத் திணறுவது, வயிற்றுப்போக்கு எல்லாம் வரலாம். ஹெராயின் என்றால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் தெரியும். மெத்தடோன் என்றால் இரண்டு மூன்று நாள் ஆகலாம். அதனால்தான் அவசரப்பட்டு டிஸ்சார்ஜ் செய்வது ஆபத்து.

நாட்கள் ஏன் கூடுகின்றன, குறைகின்றன?

தாய்க்குத் தரப்படும் சிகிச்சை முக்கியம். 2010-ல் வெளியான 'மதர்' ஆய்வில், கர்ப்பத்தில் மெத்தடோன் எடுத்தவர்களின் குழந்தைகள் சராசரியாக 17.5 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தன. பியூப்ரினார்பின் எடுத்தவர்களின் குழந்தைகளுக்கு அது 10 நாள்தான். பல மருந்துகளைக் கலந்து எடுப்பதும் புகைபிடிப்பதும் பாதிப்பைக் கூட்டும்.

குழந்தையை எப்படிப் பார்த்துக்கொள்கிறோம் என்பது அதைவிட முக்கியம். பால் குடிக்கிறதா, தூங்குகிறதா, தூக்கினால் அழுகை அடங்குகிறதா என்ற மூன்றை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் முறையை அமெரிக்காவில் 26 மருத்துவமனைகளில் சோதித்தார்கள். முடிவு 2023-ல் வந்தது. வழக்கமான முறையில் குழந்தை வீடு திரும்பத் தயாராக 14.9 நாள் ஆனது. இந்த முறையில் 8.2 நாள். மருந்து தேவைப்பட்டதும் 52 சதவீதத்திலிருந்து 19.5 சதவீதமாகக் குறைந்தது.

இதில் பெரிய மெஷின் எதுவும் இல்லை. இருட்டான அமைதியான அறை, தாயின் மடி, தாய்ப்பால், அவ்வளவுதான். தாய் போதையை விட்டுச் சிகிச்சையில் இருந்தால், டாக்டர் ஆலோசனையோடு பால் கொடுக்கலாம்.

நம்ம ஊரில் இது முடியுமா?

முடியும். எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்த உடனே தாயின் மார்போடு அணைத்து வைத்தால் இறப்பு குறையும் என்று காட்டிய 2021 ஆய்வில், டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தாய்க்கும் ஒரு கட்டில் போட்டார்கள். அதையே இந்தக் குழந்தைகளுக்கும் செய்யலாம்.

தடையாக இருப்பது பயம். "உண்மையைச் சொன்னால் திட்டுவாங்க, போலீஸுக்குச் சொல்லிடுவாங்க" என்று நினைக்கும் தாய் வாயே திறக்க மாட்டார். டாக்டருக்கோ நடுக்கத்தின் காரணம் புரியாது. தேவையில்லாத டெஸ்ட்டுகளில் நாட்கள் போகும். கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு ஒவ்வொரு நாளும் வருமான இழப்பு.

ஆகவே தாயைக் குற்றவாளிபோல வார்டுக்கு வெளியே நிறுத்துவது குழந்தைக்குத் தரும் தண்டனை. அரசு மருத்துவமனைகள் முதல் செக்கப்பிலேயே தனியாக, மரியாதையாகக் கேட்க வேண்டும். சொன்னவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது.

கர்ப்பிணிகள் கவனத்துக்கு: மாத்திரையை நீங்களாகச் சட்டென நிறுத்துவது கருவுக்கே ஆபத்தாகலாம். டாக்டரிடம் சொல்லுங்கள். போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446.