கிழட்டு ஆட்டை விற்குமுன் யோசியுங்கள்

கோடை நெருங்கி மேய்ச்சல் வற்றியதும் சந்தைக்கு முதலில் போவது மந்தையின் மூத்த பெட்டை ஆடுதான். பல் தேய்ந்துவிட்டது, இனி குட்டி குறையும், இருக்கிற தழையை இளம் ஆடுகளுக்குப் போடலாம் என்பது நம் விவசாயிகளின் கணக்கு. இந்தக் கணக்கில் ஒரு வரவு விட்டுப்போகிறது என்பது என் கருத்து.

வெள்ளாடு எதையும் தின்னும் என்பார்கள். ஆடாதோடை, ஆடுதின்னாப்பாளை என்று செடிகளுக்குப் பெயர் வைத்த நம் முன்னோர் அப்படி நினைக்கவில்லை. சில ருசிகளை நாக்கே விலக்கிவிடும். மற்றதைக் குட்டி தாயிடம் கற்கிறது. தாய் தின்ற தீனியின் வாடை பாலிலேயே வருகிறது. பிறகு தழை கொறிக்கத் தொடங்கும்போது, தாயின் வாயை முகர்ந்து, அது கடிக்கும் கொப்பையே தானும் கடிக்கிறது. பார்த்து அப்படியே செய்கிறதா, தாய் நிற்கும் இடத்தில் நின்று தானாகப் பழகுகிறதா என்று விஞ்ஞானிகள் வாதிடுவார்கள். ஆடு வளர்ப்போருக்கு இரண்டும் ஒன்றே.

ஆஸ்திரேலியாவில் செம்மறிகளைக் கொண்டு செய்த ஒரு சோதனை 1984-இல் வெளியானது. ஆறு வாரக் குட்டிகளுக்குத் தாயுடன் சேர்த்து, நாளுக்கு ஒரு மணி நேரம், ஐந்தே நாட்கள் கோதுமை காட்டினார்கள். 34 மாதம் கழித்தும் அந்த ஆடுகள், கோதுமையை அறியாத ஆடுகளைவிடக் கூடுதலாகத் தின்றன. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிரெட் புரோவென்சா குழுவினர் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், தாயின் வழிகாட்டல் பன்னிரண்டு வாரக் குட்டியைவிட ஆறு வாரக் குட்டியிடம் நன்றாகப் பலித்தது. ஆக, படிக்கும் பருவம் மிகக் குறுகியது.

வாய்க்கால் ஓரப் புல்லில் வளர்ந்த குட்டிகளை வாங்கி மானாவாரிக் காட்டில் விட்டால், முள்ளுக்கும் தழைக்கும் நடுவில் நின்றுகொண்டு மெலிவதன் காரணம் இப்போது புரியும். கிளைரிசிடியா கன்றுகளை வழங்குவதோடு விரிவாக்கப் பணி முடிவதில்லை. அதைத் தின்னத் தெரிந்த ஆடு ஒன்றும் அந்த ஊரில் வேண்டும். வாடை பிடிக்காமல் ஒதுக்கினால் தழையை ஓர் இரவு வாடவைத்து, குட்டி அருகில் இருக்கும்போதே தாய்க்குப் போடுங்கள். அசோலாவுக்கும் இதே வழிதான். தொழுவத்தின் வேறொரு மூலையில் கட்டிய கன்று எதைப் பார்த்துக் கற்கும்?

கற்பதில் நல்லது கெட்டது என்ற பேதம் ஆட்டுக்குக் கிடையாது. ஒன்று வேலியில் நுழைந்தால் மறுவாரம் நான்கு நுழையும். ஆகவே சந்தைக்கு ஓட்ட வேண்டியது வேலி தாண்டும் ஆட்டை. கிழட்டு ஆட்டை அல்ல. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மூத்த ஆடு தின்றால் ஆபத்தில்லை என்று நம்பிவிடக் கூடாது. வறட்சியில் வாடிய இளஞ்சோளப் பயிரிலும் மரவள்ளி இலையிலும் உள்ள நஞ்சு அனுபவசாலி ஆட்டையும் கொல்லும். அங்கே மேய்ப்பவர் கண்தான் காவல்.

கிழடான எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. நோய்ப்பட்டதும் மடி கெட்டதும் போகட்டும். ஜூன் மாதம் பிள்ளைகளின் பள்ளிச் செலவு வந்து நிற்பதும் தெரிந்ததே. அதற்கு ஒரு கிடாவையோ, ஒன்றுக்கு இரண்டாக உள்ள இளம் பெட்டையில் ஒன்றையோ விற்கலாம். காட்டை அறிந்த மூத்த பெட்டை ஒன்றையாவது, இந்த ஈற்றுக் குட்டிகள் அதனோடு ஒரு கோடை மேய்ந்து முடிக்கும்வரை நிறுத்திவையுங்கள். புதிதாக மந்தை தொடங்குவோர் பால் மறந்த குட்டிகளை மட்டும் பொறுக்காமல், உங்கள் ஊரைப் போன்ற காட்டில் மேய்ந்த தாயையும் சேர்த்து விலை பேசுங்கள். வியாபாரி அதைக் கழிவு ஆடு என்று குறைத்தே விலை சொல்வார், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.