கதை படித்தால் ஈமான் கெடுமா?



"நாவல் என்பது பொய். பொய்யைப் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுக்காதீர்கள் ஹஸ்ரத்." கனகசெட்டிக்குளத்திலிருந்து மாலையில் நம்மிடம் ஓத வரும் பிள்ளைகளின் பெற்றோரில் சிலர் இப்படிச் சொல்கிறார்கள். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மார்க்கப் பற்றினால் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பற்று பிள்ளைகளின் வாசிப்பை முடக்குகிறது என்பதே நம் வாதம். ஆகவே இதைச் சற்று விரிவாகவே மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் நோயைப் பார்ப்போம். பத்து வயதுப் பிள்ளை யாஸீனைத் தஜ்வீத் பிசகாமல் ஓதுகிறது. பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பாடத்தையும் தடங்கலின்றி உரக்கப் படிக்கிறது. "இப்போது படித்தாயே, அந்த மனிதர் ஏன் ஊரைவிட்டுப் போனார்?" என்று கேட்டால் விழிக்கிறது. விடை வரியாகவே எழுதியிருந்தால் எடுத்துத் தரும். இரண்டு வரிகளைச் சேர்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் கைவிட்டுவிடும். வினா விடைக் கையேடுகள் பழக்கிய பழக்கம் இது. நம் சமுதாயத்துக்கு மட்டும் உரிய குறையும் அன்று. 2009ஆம் ஆண்டு வரிசையில் நடந்த பன்னாட்டு பீசா தேர்வில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. பதினைந்து வயது மாணவரின் வாசிப்புத் திறனில் எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள், பகுதிகளுக்கிடையே தமிழ்நாடு கடைசி மூன்று இடங்களுக்குள் நின்றது. கனகசெட்டிக்குளம் புதுச்சேரி மாநிலத்தைச் சேர்ந்தது என்பதால் அந்தக் கணக்கிலிருந்து நாம் தப்பிவிட்டதாக மகிழ வேண்டாம்.

இந்நோய்க்கு நாம் கண்ட மருந்து சரித்திரக் கதை. அதைப் பொய்யென்று தள்ளுவோர் வழக்கமாக ஓர் ஆதாரத்தை எடுத்து வைப்பார்கள். மக்காவின் நள்ரு இப்னு ஹாரிஸ், பாரசீக மன்னர்களின் கதைகளையும் ருஸ்தம், இஸ்ஃபந்தியார் கதைகளையும் சொல்லிக்கொண்டு நபி (ஸல்) அவர்களின் அவையிலிருந்து மக்களை இழுத்தான் என்ற செய்தி அது. லுக்மான் அத்தியாயத்தின் ஆறாம் வசனத்துக்கு விளக்கமாகச் சொல்லப்படுவது. ஆனால் அந்த வசனம் கண்டிப்பது எதை? அல்லாஹ்வின் பாதையிலிருந்து வழிகெடுக்க வீண்பேச்சை விலைக்கு வாங்குவதை. குர்ஆனுக்குப் போட்டியாகக் கதையை நிறுத்துவது வேறு, குர்ஆன் ஓதும் பிள்ளைக்கு மொழி விளங்கக் கதையைத் துணையாக்குவது வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமன்று.

நம் அரபுக் கல்லூரிகளின் மரபையே எடுத்துக்கொள்ளுங்கள். பஸராவின் ஹரீரி (மறைவு 1122) எழுதிய மகாமாத்தைத் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அரபு மொழிக்காக ஓதியிருக்கிறார்கள். ஐம்பது மகாமாக்கள். கதாநாயகன் அபூஸைத் ஓர் எத்தன், வாய்ச்சாலகத்தால் ஊரை ஏமாற்றிப் பிழைப்பவன். முழுக்க முழுக்கக் கற்பனை. ஹரீரி தம் முன்னுரையிலேயே இந்த ஆட்சேபத்தை எதிர்பார்த்து, விலங்குகளைப் பேசவைக்கும் கதைகளை எந்த அறிஞர் வெறுத்தார் என்ற கருத்தில் பதிலும் சொல்லிவிட்டார். கலீலா வ திம்னாவும் அப்படிப்பட்டதே. ஆலிம்களுக்கு அரபு கற்பிக்கக் கற்பனை ஆகுமென்றால், அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க மட்டும் ஏன் ஆகாது? இக்கேள்விக்கு இதுவரை நமக்கு விடை கிடைக்கவில்லை.

எல்லை உண்டு. அதை மறைக்கமாட்டோம். நபி (ஸல்) அவர்கள் மீது வேண்டுமென்றே பொய்யுரைப்பவருக்கு வந்துள்ள எச்சரிக்கை நாம் அனைவரும் அறிந்தது. ஆகவே நபிமார்களையும் ஸஹாபாக்களையும் கதாபாத்திரமாக்கி, அவர்கள் சொல்லாததைச் சொல்லவைக்கும் எதையும் வகுப்பில் சேர்ப்பதில்லை. 'சிறுவர்க்கான இஸ்லாமியக் கதைகள்' என்ற பெயரில் வரும் சில புத்தகங்களில் இப்பிழை தாராளமாக இருக்கிறது. நாவலைக் கண்டு அஞ்சும் பெற்றோர் அவற்றைத் தயங்காமல் வாங்கித் தருகிறார்கள்! அட்டையில் பள்ளிவாசல் படம் இருந்தால் போதும் போலிருக்கிறது.

சரித்திரக் கதை ஏன்? நீதிக் கதை போதாதா? போதாது. நீதிக் கதையில் பிள்ளை தேட வேண்டியது ஒன்றுமில்லை, முடிவில் நீதியை ஆசிரியரே சொல்லிவிடுவார். சரித்திரக் கதையோ ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கேள்வியை எழுப்புகிறது: இது எழுதியவருக்கு எப்படித் தெரியும்? நம் முஹத்திஸ்கள் கேட்டதும் இதே கேள்விதான். யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், அவரை நம்பலாமா? உலகுக்கு அறிவிப்பாளர் வரிசையைக் கற்றுத்தந்த சமுதாயத்தின் பிள்ளைகளுக்கு இது புதுப் பாடமே அன்று.

ஓர் உதாரணம். தாவூத்ஷா சாஹிபின் 'தாருல் இஸ்லாம்' இதழில் என்.பி. அப்துல் ஜப்பார் 'ஷஜருத்துர்' என்ற சரித்திர நாவலை எழுதினார். தமிழ் முஸ்லிம் வீடுகளில் ஒரு காலத்தில் இத்தகைய நாவல்கள் படிக்கப்பட்டன என்பதற்கு அதுவே சாட்சி. முழு நாவல் சிறுவர்க்கு ஏற்றதன்று. எனவே அந்த வரலாற்றின் ஒரு பகுதியை மட்டும் எடுத்து அரைப்பக்கமாக நாமே எழுதிக் கொடுத்தோம். 1249ஆம் ஆண்டு. பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி சிலுவைப் படையோடு எகிப்தின் தமியாத்தில் இறங்கிவிட்டார். அவ்வேளையில் சுல்தான் ஸாலிஹ் அய்யூப் பாசறையிலேயே இறந்துபோகிறார். மனைவி ஷஜருத்துர் மரணத்தை மறைக்கிறார். கூடாரத்துக்குள் வழக்கம்போல் உணவு போகிறது, ஆணைகள் வெளியே வருகின்றன. நாம் எழுதியதில் 'இறந்தார்' என்ற சொல்லே இல்லை. உள்ளே போன தட்டில் கைபடாத உணவு, வெளியே வந்த சமையற்காரனின் சிவந்த கண், அவ்வளவே. "சுல்தானுக்கு என்ன ஆயிற்று?" என்ற கேள்விக்குப் பிள்ளைகள் பக்கத்தை மீண்டும் மீண்டும் படித்தார்கள். விடையைக் கண்டுபிடித்தபோது வகுப்பில் எழுந்த சத்தத்தைக் கையேட்டு வகுப்பில் நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகு ஒவ்வொரு வரிக்கும் அடையாளம் இடச் சொன்னோம்: வரலாற்றாசிரியர் சொன்னது எது, நாம் புனைந்தது எது? உணவு போனது ஏடுகளில் உண்டு. சமையற்காரனின் கண்ணீர் நம் கைச்சரக்கு. மறுவருடம் லூயி மன்னர் சிறைப்பட்டதும், ஷஜருத்துர் ஏறத்தாழ எண்பது நாள் எகிப்தை ஆண்டதும் வரலாறு. அந்த மன்னரைத்தான் கிறித்தவர்கள் புனிதராக்கினர் என்றதும் ஒரு சிறுவன், "புதுச்சேரியில் இருக்கும் செயின்ட் லூயி வீதி அவர் பெயரா?" என்றான். அவரே என்றோம். மன்ஸூராவில் கைதியாக இருந்தவரின் பெயரை நம் பேருந்துத் தொலைவில் ஒரு தெரு சுமக்கிறது என்பதைப் பாடநூல் அவனுக்குச் சொல்லவில்லை.

சொந்த மண்ணின் சரித்திரத்திலும் சரக்குக்குக் குறைவில்லை. 1740இல் ஆர்க்காட்டு நவாப் தோஸ்து அலி மராட்டியரோடு பொருது மாண்டபின், நவாபின் குடும்பமும் சந்தா சாகிபின் குடும்பமும் அடைக்கலம் தேடிப் புதுச்சேரிக்கே வந்தன. கவர்னர் துய்மா இடம் கொடுத்தார். ஒப்படைக்கச் சொல்லி மராட்டியர் மிரட்டியபோது மறுத்தார். அக்காலத்துப் புதுச்சேரியை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு நாள்வாரியாகக் காட்டுகிறது. அதை ஆதாரமாகக் கொண்டு பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று இரு நாவல்கள் எழுதினார். பின்னது 1995இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. நாட்குறிப்பு ஓர் ஆதாரம், நாவல் அதன்மேல் எழுந்த கட்டடம். இரண்டையும் அருகருகே வைத்தால் கற்பனை எங்கே தொடங்குகிறது என்று பெரிய பிள்ளைகளே விரல் வைத்துக் காட்டுவார்கள்.

'பொன்னியின் செல்வன்' வேண்டாம் என்று சில வீடுகளில் தடை இருக்கிறது, கோயிலும் அரசரும் நிறைந்த கதையாம். அந்தப் பிள்ளைகள் படத்தைக் கைப்பேசியில் பார்த்துவிட்டார்கள் என்பது பெற்றோருக்குத் தெரியாதா? படம் பார்த்த பிள்ளை நந்தினியை மெய்யென்றே நம்புகிறது. புத்தகத்தை நம்மோடு படித்த பிள்ளைக்கு, ஆதித்த கரிகாலன் கொலையுண்டதும் ரவிதாசன் பெயரும் உடையார்குடிக் கல்வெட்டில் இருப்பதும், நந்தினி கல்கியின் படைப்பு என்பதும் தெரியும். இருவரில் யார் ஏமாறாதவர்? நாளை இதே பிள்ளையிடம், முஸ்லிம்களைக் கொள்ளையராக மட்டுமே காட்டும் ஒரு கதையை யாரேனும் நீட்டுவார்கள். தடையால் வளர்ந்த பிள்ளை அதைக் கேட்டுத் தலைகுனியும், அல்லது கோபத்தில் கத்தும். அடையாளமிடப் பழகிய பிள்ளை, இதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்கும்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கதை பொய் என்று வகுப்பை நிறுத்தச் சொல்லும் அதே கைப்பேசி எண்களிலிருந்து, ஃபஜ்ருக்குப் பின், எந்த நூலென்றும் எந்த அறிவிப்பாளர் என்றும் இல்லாத 'ஹதீஸ்கள்' வாட்ஸ்அப்பில் நமக்கு வந்துகொண்டிருக்கின்றன. இன்னாருக்கு அனுப்பினால் இன்ன நன்மை, அனுப்பாவிட்டால் இன்ன கேடு! நாவலாசிரியர் தம் நூலை நாவல் என்று அட்டையிலேயே எழுதிவிடுகிறார். இவற்றை அனுப்புவோர் நபியவர்களின் பெயரையல்லவா எழுதுகிறார்கள்? அஞ்ச வேண்டிய பொய் எது?

மதிப்பெண் என்னவாகும் என்று கேட்கும் அத்தாமார்களுக்கு: வாரத்தில் இரண்டு நாள், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே அரைமணி நேரம்தான் இதற்கு எடுக்கிறோம். ஹிஃப்ள் பாடமும் தஜ்வீதும் குறைக்கப்படவில்லை. சந்தேகமுள்ளோர் வியாழக்கிழமை வந்து பின்வரிசையில் உட்காரலாம். வரும்போது அந்த வாரம் உங்களுக்கு வந்த ஒரு வாட்ஸ்அப் 'ஹதீஸை'க் கொண்டுவாருங்கள், பிள்ளைகள் அதற்கும் அடையாளமிட்டுக் காட்டுவார்கள்.