பென்ஸ் காரைப் பெற்றெடுத்த சீதனப் பணம்!

கோவையில் ஒரு கல்யாணம். அவினாசி ரோட்டில் பெரிய மண்டபம். வாசலில் ஒரே கூட்டம்.

எதைப் பார்க்க இந்தக் கூட்டம்? பெண்ணைப் பார்க்கவா? இல்லை. மாப்பிள்ளையைப் பார்க்கவா? அதுவும் இல்லை. பந்தலுக்கு முன்னால் ஒரு கார் நின்றது. பளபளக்கும் வெள்ளைக் கார். முகப்பில் மூன்று முனை நட்சத்திரம். அதற்கு மேலே சிவப்பு ரிப்பன். சுற்றிலும் மல்லிகைச் சரம்.

"பென்ஸ் காருங்க! பொண்ணு வீட்டுச் சீருங்க!" என்று ஒருவர் பெருமையோடு சொன்னார்.

எனக்குப் பக்கத்தில் இரண்டு பெரியவர்கள் நின்றார்கள். ஒருவர் மற்றவரிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க, தோட்டத்துல எவ்வளவு போச்சுங்க?"

"நாலு ஏக்கருங்க. கிணத்தோட போச்சுங்க. மீதிக்குக் கடனுங்க."

"பொண்ணு படிச்சிருக்குதுங்களா?"

"எஞ்சினீருங்க!"

நான் திரும்பிப் பார்த்தேன். பெண்ணின் தகப்பனார் வந்தவர்களுக்கு எல்லாம் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார். வாய் நிறைய "வாங்க, வாங்க" என்று வரவேற்றார். ஆனால் அந்தக் கார் நின்ற பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பென்ஸ் கார் எப்படிப் பிறந்தது என்ற கதை நினைவுக்கு வந்தது. அந்தக் காரும் ஒரு பெண்ணின் சீதனப் பணத்தில்தான் பிறந்தது! ஆனால், அந்தப் பணம் போன வழி வேறு. அந்தக் கதையைக் கேளுங்கள்.

பட்டறைக்குப் போன பணம்

ஜெர்மனி நாட்டில் 1844-ம் ஆண்டு பிறந்தவர் கார்ல் பென்ஸ். அவருடைய தகப்பனார் ரெயில் என்ஜின் டிரைவர். பிள்ளைக்கு இரண்டு வயது ஆகும்போதே தகப்பனார் காலமாகிவிட்டார். தாயார் கஷ்டப்பட்டுப் படிக்க வைத்தார். பையன் இயந்திரப் படிப்புப் படித்தான்.

1871-ம் ஆண்டு மான்ஹைம் நகரில் ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து பென்ஸ் சிறிய பட்டறை வைத்தார். கூட்டாளி சரியில்லை. தொழில் தள்ளாடியது. பட்டறை கைவிட்டுப் போய்விடும் என்ற நிலைமை.

அப்போது அவருக்கு ஒரு பெண்ணோடு கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. பெண்ணின் பெயர் பெர்த்தா. ஃபோர்ட்ஸ்ஹைம் என்ற ஊரில் கட்டட வேலை செய்து வசதியாக இருந்தவரின் மகள். பெர்த்தா பிறந்தபோது "மறுபடியும் பெண்தானா!" என்று வீட்டில் குறைப்பட்டார்கள் என்று ஒரு கதை உண்டு.

அந்தப் பெண் என்ன செய்தார் தெரியுமா? தமக்குச் சேர வேண்டிய சீதனப் பணத்தைக் கல்யாணத்துக்கு முன்பே தகப்பனாரிடம் கேட்டு வாங்கினார். நகை வாங்கவில்லை. சாரட்டு வண்டி வாங்கவில்லை. அந்தப் பணத்தைக் கொடுத்து, கூட்டாளியின் பங்கை விலைக்கு வாங்கினார்கள். பட்டறை தப்பியது. 1872-ம் ஆண்டு ஜூலை மாதம் 20-ந்தேதி கல்யாணம் நடந்தது.

உடனே பணம் கொட்டிவிடவில்லை. பல வருஷம் கஷ்டம்தான். 1879-ம் ஆண்டின் கடைசி நாள். ஊரே புது வருஷத்துக்குக் காத்திருந்த இரவு. புருஷனும் மனைவியும் பட்டறைக்குப் போனார்கள். என்ஜினை முடுக்கிப் பார்த்தார்கள். ஓடியது!

அதற்குப் பிறகும் ஆறு வருஷம் உழைப்பு. 1886-ம் ஆண்டு ஜனவரி 29-ந்தேதி, எண்ணெயில் ஓடும் வண்டிக்கு உரிமைப் பத்திரம் கேட்டு மனு கொடுக்கப்பட்டது. அந்தப் பத்திரத்தின் எண் 37435. மூன்றே சக்கரம். என்ஜினின் சக்தி ஒரு குதிரைச் சக்தி கூட இல்லை, முக்கால்தான்! நம் தோட்டத்துக் கிணற்றில் ஓடும் 5 குதிரைச் சக்தி மோட்டார் அதைவிட ஆறு மடங்குக்கும் மேல் பெரியது.

அந்த உரிமைப் பத்திரத்தில் பெர்த்தாவின் பெயர் இல்லை. பணம் மட்டும் அவருடையது.

தொப்பி ஊசி செய்த வேலை

வண்டி தயார். வாங்குவதற்குத்தான் ஆள் இல்லை. "குதிரை இல்லாத வண்டியா? யார் ஏறுவார்கள்?" என்று ஜனங்கள் பயந்தார்கள். பென்ஸ் சோர்ந்து போனார். பெர்த்தா சோரவில்லை.

1888-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ஒரு நாள் அதிகாலை. கணவருக்குத் தெரியாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு பெர்த்தா வண்டியை ஓட்டிப் புறப்பட்டுவிட்டார்! எங்கே? தாய் வீட்டுக்கு. சுமார் 106 கிலோ மீட்டர். கோவையில் இருந்து ஈரோடு போகிற தூரம்.

வழியில் எண்ணெய் தீர்ந்தது. பெட்ரோல் பங்க் என்பதே உலகத்தில் இல்லாத காலம். வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடைக்குப் போனார். துணியில் கறை துடைக்க விற்கும் ஸ்பிரிட்டை வாங்கி ஊற்றினார். எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டது. தலையில் இருந்த தொப்பி ஊசியை எடுத்துக் குத்தி அடைப்பை நீக்கினார். மேட்டில் வண்டி ஏறவில்லை. பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். இறக்கத்தில் பிரேக் தேய்ந்தது. செருப்புத் தைப்பவரிடம் சொல்லி, பிரேக் கட்டைக்குத் தோல் அடிக்கச் செய்தார்.

சாயங்காலம் தாய் வீடு வந்து சேர்ந்தார். "வந்துவிட்டோம்" என்று கணவருக்குத் தந்தி போனது!

திரும்பி வந்ததும், "மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும்" என்று யோசனை சொன்னார். பென்ஸ் அப்படியே செய்தார். பிறகுதான் ஜனங்களுக்கு நம்பிக்கை பிறந்தது. பென்ஸ் என்ற பெயருக்கு முதல் விளம்பரம் அந்த அம்மையாரின் பிரயாணம்தான்.

மற்றொரு பெண்ணின் பெயர்

அதே ஜெர்மனியில் வேறு ஓர் ஊரில், காட்லீப் டைம்லர் என்பவரும் 1886-ம் ஆண்டு நான்கு சக்கர மோட்டார் வண்டி செய்தார். அவருடைய கம்பெனியில் கார் வாங்கி விற்றவர் எமில் யெல்லினெக் என்ற வியாபாரி. தம் மகளின் பெயரைத்தான் காருக்கு வைக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். மகளின் பெயர் மெர்சிடிஸ். 1901-ம் ஆண்டு அந்தப் பெயரோடு பந்தயங்களில் ஜெயித்த கார் புகழ் பெற்றது.

மூன்று முனை நட்சத்திரம் 1909-ம் ஆண்டு பதிவு செய்யப்பட்டது. நிலம், நீர், ஆகாயம் மூன்றிலும் தங்கள் என்ஜின் ஓட வேண்டும் என்ற ஆசையைக் காட்டும் அடையாளம் அது. 1926-ம் ஆண்டு இரண்டு கம்பெனிகளும் ஒன்றாயின. மெர்சிடிஸ்-பென்ஸ் பிறந்தது.

கொங்கு நாட்டுக்கு வந்த நட்சத்திரம்

நம் பக்கத்துக்கு இந்த நட்சத்திரம் எப்படி வந்தது? கல்யாண மண்டபத்துக்கு அல்ல. லாரியில் வந்தது!

1954-ம் ஆண்டு டாட்டா கம்பெனி இந்த ஜெர்மன் கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஜாம்ஷெட்பூரில் லாரிகள் தயாராயின. 1969-ம் ஆண்டு ஒப்பந்தம் முடியும் வரை லாரியின் முகப்பில் அந்த நட்சத்திரம் இருந்தது.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் வானம் பார்த்த பூமி. மழை ஏமாற்றினால் சோறு இல்லை. அந்தப் பூமியில் பிறந்தவர்கள் லாரியை நம்பினார்கள். கிளீனராகப் போனவர் டிரைவர் ஆனார். டிரைவர் ஒரு லாரிக்குச் சொந்தக்காரர் ஆனார். நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள் பெருகின. திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் வடநாடு வரை போய் ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகின்றன.

இவற்றுக்கெல்லாம் முதல் பணம் எங்கிருந்து வந்தது? எத்தனையோ வீடுகளில் பெண்களின் கழுத்தில் இருந்து வந்தது. மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போனது. லாரி வாசலுக்கு வந்தது. லாரி சம்பாதித்தது, நகை திரும்பி வந்தது. பெர்த்தா செய்ததும் இதுதான். அவரைப் பற்றிக் கேள்விப்படாமலே நம் ஆத்தாக்களும் அதைச் செய்தார்கள்.

கோவையின் ஜி. டி. நாயுடு 1920-ம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித்தான் தொழிலைத் தொடங்கினார். அதற்கு முன் ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டிக் கற்றுக்கொண்டவர் அவர். மோட்டார் வண்டி நம் முன்னோருக்குச் சோறு போட்டது, கல்வி கொடுத்தது. வாசலில் நிறுத்திக் காட்டும் பொருளாக அது அவர்களுக்கு இருந்ததில்லை.

நட்சத்திரத்திலும் கறை உண்டு

"பென்ஸ் என்றால் கௌரவம்" என்கிறார்கள். காரின் தரம் பெரிதுதான். மோதினால் முன்பகுதி நசுங்கி, உள்ளே இருப்பவர் பிழைக்கும்படி கார் செய்யும் முறையை 1959-ம் ஆண்டிலேயே கொண்டுவந்த கம்பெனி அது. இன்று எல்லாக் கார்களும் அந்த வழியில் போகின்றன.

ஆனால், முழுக் கதையையும் சொல்ல வேண்டும். ஹிட்லர் காலத்தில் அந்தக் கம்பெனி போர்த் தளவாடம் செய்தது. 1944-ம் ஆண்டு அங்கே வேலை செய்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பலவந்தமாகப் பிடித்து வரப்பட்டவர்கள், போர்க் கைதிகள், சிறை முகாம்களில் வாடியவர்கள். பல வருஷங்களுக்குப் பிறகு கம்பெனியே அந்தப் பழைய கணக்கை ஆராயச் செய்தது. 1988-ம் ஆண்டு 2 கோடி மார்க் பணம் கொடுத்தது. 2020-ம் ஆண்டு, டீசல் கார்களின் புகைக் கணக்கில் ஏமாற்றியதாக எழுந்த வழக்கைத் தீர்க்க, அமெரிக்க அரசுக்குச் சுமார் 150 கோடி டாலர் தரச் சம்மதித்தது.

இதை ஏன் சொல்கிறேன்? கார் செய்தவர்களே தங்கள் நல்ல பெயருக்காக இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியிருக்க, காரை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டால் நமக்கு நல்ல பெயர் வந்துவிடுமா? நட்சத்திரம் கடையில் கிடைக்கும். நல்ல பெயர் கிடைக்காது.

சாவி யார் கையில்?

"பெர்த்தாவும் சீதனம்தானே கொண்டு போனார்? அப்படியானால் சீதனம் நல்லதுதானே?" என்று யாராவது கேட்கலாம்.

இல்லை, ஐயா! அந்தப் பணத்தைக் கேட்டது பெர்த்தா. எங்கே போட வேண்டும் என்று தீர்மானித்ததும் பெர்த்தா. நம் கல்யாணங்களில் நடப்பது என்ன? கேட்பது மாப்பிள்ளை வீடு. கடன் பெண்ணின் தகப்பனார் தலையில். சாவி மாப்பிள்ளை கையில். பெண்ணின் கையில் என்ன இருக்கிறது? மருதாணி மட்டும்தான் இருக்கிறது!

"நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களாகவே செய்தார்கள்" என்று சிலர் சொல்வார்கள். கேட்காமல் வந்தால் வேண்டாம் என்று சொல்ல வாய் இல்லையா? அந்தக் காரை விடச் சின்னக் கார் வந்திருந்தால் மருமகளுக்கு அதே மரியாதை கிடைத்திருக்குமா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும்.

வரதட்சணை வாங்குவது குற்றம். கொடுப்பதும் குற்றம். 1961-ம் ஆண்டு முதல் சட்டம் இருக்கிறது. பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் ஆண்களோடு சம உரிமை கொடுத்து இந்து வாரிசுச் சட்டம் தமிழ்நாட்டில் 1989-ம் ஆண்டும், நாடு முழுவதற்கும் 2005-ம் ஆண்டும் திருத்தப்பட்டது. மகளுக்குக் கொடுக்க ஆசைப்படும் தகப்பனாருக்கு நேரான வழி திறந்தே கிடக்கிறது. அவளுடைய பங்கை அவள் பெயரில் எழுதி வையுங்கள். நிலமாகக் கொடுங்கள். படிப்பாகக் கொடுங்கள். லேத் பட்டறை வைக்க, தையல் கம்பெனி வைக்க முதலாகக் கொடுங்கள். மகள் வளர்ந்தால் பணமும் வளரும். கார் அப்படி அல்ல. கடையை விட்டு வெளியே வந்த அன்றே அதன் விலை இறங்கத் தொடங்கிவிடும். கடனுக்கு வட்டி மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

சொந்த உழைப்பில் பென்ஸ் கார் வாங்குபவர்களை நான் குறை சொல்லவில்லை. வாங்கட்டும். சந்தோஷமாக ஏறிப் போகட்டும். மாமனாரின் கிணற்றை விற்று ஏறிப் போகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

வாலிபர்களே! உங்களிடம் இருப்பது மோட்டார் சைக்கிள் என்றால் அதிலேயே மண்டபத்துக்கு வாருங்கள். சிரிப்பவர்கள் ஒரு நாள் சிரிப்பார்கள். உங்கள் மனைவி ஆயுள் முழுவதும் உங்களை மதிப்பாள்.

பெர்த்தா அம்மையார் 1944-ம் ஆண்டு 95-வது வயதில் காலமானார். "மறுபடியும் பெண்தானா!" என்று குறைப்பட்டதாகச் சொல்லப்படும் வீட்டில் பிறந்த பெண்ணின் பணத்தில்தான், உலகம் முழுவதும் ஓடும் அந்தக் கார் பிறந்தது.

கோவைக் கல்யாணத்தில் நான் பார்த்த பெண்ணும் எஞ்சினீயர். நாலு ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் அவளுக்காகப் போயின. "அம்மணி, இந்தப் பணத்தை என்ன செய்யலாம்?" என்று அவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

அடுத்த முகூர்த்தத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. தகப்பன்மார்களே! காரைப் பார்க்கப் போவதற்கு முன்னால், வீட்டுக்குள் போய் மகளைக் கேளுங்கள்.